‘செவன்டீன்’ படித்தவர்களுக்குப் பதினேழு வயதில்லை

1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆயத்த ஆடை உற்பத்தியாளர்களுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் ‘டீனா’ என்ற பெண் அறிமுகம் செய்துவைக்கப்பட்டாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது. வீட்டில் எதை வாங்குவது என்ற பேச்சு வரும்போது அவள் சொல்லும் எடுபடுகிறது. தோழிகள் எதை உடுத்துகிறார்களோ அதையே தானும் உடுத்த விரும்புகிறாள். இப்படி ஒரு பெண் எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. ‘செவன்டீன்’ என்ற மாத இதழ், பென்சன் அண்ட் பென்சன் என்ற ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தி, வந்த விடைகளைக் கூட்டி வகுத்து உண்டாக்கிய சராசரிப் பெண் அவள். இதழின் விளம்பர மேம்பாட்டுப் பிரிவை நடத்திய எஸ்டெல் எல்லிஸ் அந்தச் சராசரிக்குப் பெயர் சூட்டி, ஒரு முகமும் கொடுத்து, வணிகர்களிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

பதின்வயதுப் பெண்களுக்கென்று தனியாக இதழ்கள் தோன்றியதையும், அரை நூற்றாண்டுக்கு மேல் அவை செழித்ததையும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மறைந்ததையும் புரிந்துகொள்ள டீனாவிடமிருந்து தொடங்குவதே வசதியானது. ஏனெனில் இந்த இதழ்கள் எல்லாவற்றுக்கும் வாடிக்கையாளர்கள் இரு வகையினர். சில்லறை கொடுத்து இதழை வாங்கும் சிறுமி ஒருத்தி. அந்தச் சிறுமியின் கவனத்தை இதழிடமிருந்து விலைக்கு வாங்கும் விளம்பரதாரர் இன்னொருவர். இருவரில் யாருடைய காசில் இதழ் ஓடியது என்று பார்த்தால், அது எதைப் பேசியது, எதைப் பேசத் தயங்கியது, யாருக்குப் பயந்தது என்பவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

‘செவன்டீன்’ 1944 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே வெளிவந்தது. வெளியிட்டது வால்டர் ஆனன்பர்க்கின் ட்ரையாங்கிள் பப்ளிகேஷன்ஸ். குதிரைப் பந்தயக்காரர்கள் அன்றாடம் புரட்டும் ‘டெய்லி ரேசிங் ஃபார்ம்’ என்ற ஏட்டை நடத்தி வந்ததும் இதே நிறுவனம்தான். நிறுவன ஆசிரியர் ஹெலன் வாலன்டைன், ‘மேட்மசெல்’ என்ற இளம்பெண்கள் இதழின் விளம்பர மேம்பாட்டுப் பிரிவிலிருந்து வந்தவர். கல்லூரி மாணவிக்கு ஓர் இதழ் இருக்கும்போது பள்ளி மாணவிக்கு ஏன் இருக்கக் கூடாது என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குக் காலமும் இடம் கொடுத்தது. பதினான்கு வயதில் வேலைக்குப் போவது குறைந்து, அந்த வயதினரில் பெரும்பாலோர் பள்ளியிலேயே தங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரே வயதுக் கூட்டம் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் பழகும்போது அதற்கென்று ஒரு நடை, உடை, பேச்சு உண்டாவது இயல்பு. ஆனால் துணிக்கடையில் அவர்களுக்குக் கிடைத்தவை குழந்தைகளின் கவுன் அல்லது அம்மாவின் அளவில் தைத்த உடை. முதல் இதழின் நான்கு லட்சம் பிரதிகள் சில நாட்களில் தீர்ந்தன. 1947-இல் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது.

இதற்கு முன்பு யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1941-இலேயே ‘காலிங் ஆல் கேர்ள்ஸ்’ என்ற இதழ் சற்று இளைய சிறுமிகளை நோக்கி வந்திருந்தது. ஆனால் டீனாவைக் கண்டுபிடித்த சாமர்த்தியம் ‘செவன்டீன்’ இதழுடையது.

வாலன்டைன் ஆசிரியராக இருந்த ஆண்டுகளின் இதழ்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஆசிரியர் பக்கம் சிறுமியோடு பேசும்போது அவளை நாளைய குடிமகளாக மதிக்கிறது: உலக அரசியல், வாக்குரிமை, புதிய நூல்கள், நல்ல சிறுகதைகள் என்று அவளுடைய அறிவை எட்ட முயல்கிறது. பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரான சில்வியா பிளாத் என்ற பள்ளி மாணவி அனுப்பிய எழுத்துகளைப் பலமுறை திருப்பி அனுப்பிய பிறகு, 1950 ஆகஸ்டில் அவருடைய சிறுகதை ஒன்றை அந்த இதழ் வெளியிட்டது. விளம்பரதாரரோடு பேசும்போது அதே சிறுமி டீனாவாகிவிடுகிறாள். அவள் ஒரு சந்தை, அவளைத் தவறவிட்டால் நஷ்டம். இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே நோக்கத்தோடு வந்த பேச்சுகள் என்பதால், ஒன்றை உண்மை என்றும் மற்றதை வேஷம் என்றும் பிரித்துவிட இயலாது. சிறுமியை மதித்ததால்தான் அவள் இதழை வாங்கினாள். அவள் வாங்கியதால்தான் அவளை விற்க முடிந்தது.

ஆங்கிலத்தில் ‘டீன்ஏஜர்’ என்ற சொல் பரவலானதே ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான். நமக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். பெண்ணின் வயதைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று ஏழாகப் பகுத்து, பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று, மங்கைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று, மடந்தைக்குப் பதினான்கு முதல் பத்தொன்பது என்று இலக்கணம் எழுதிவைத்தவர்கள் நாம். டீனா நம் கணக்கில் ஒரு மடந்தை. ஆனால் உலா இலக்கியத்தில் இந்தப் பகுப்பு யாருக்காக வந்தது என்று யோசித்தால் வேடிக்கை குறைந்துவிடும்: வீதியில் பவனி வரும் தலைவனின் பெருமை பேசுவதற்காகவே அந்த ஏழு பருவப் பெண்களும் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். ‘செவன்டீன்’ அலுவலகம் இருந்த நியூயார்க்கிலும் அவர்களை வரிசைப்படுத்தியவருக்கு வேறொருவரின் பவனிதான் மனத்தில் இருந்தது.

இன்னொரு நுட்பம் இதழின் பெயரிலேயே உள்ளது. பதினேழு வயதுப் பெண் ‘செவன்டீன்’ படித்தது குறைவு. அவள் அதற்குள் பெரியவர்களின் இதழுக்குப் போயிருப்பாள். அவளைவிட இளைய சிறுமிகளின் கையில்தான் அது அதிகம் இருந்தது. சிறுமிகள் தம் வயதைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலான வயதைப் படிக்க விரும்புகிறார்கள் என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த விதி. பின்னாளில் இந்த இதழ்களைச் சுற்றி எழுந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் முளைத்தவை: அட்டையில் எழுதியிருக்கும் வயதை நினைத்து ஆசிரியர் எழுதுகிறார், வாங்கிப் படிக்கும் மகளின் வயதை நினைத்து பெற்றோர் பதறுகிறார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஏற்பாடு வேறு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ‘பீனோ’ போன்ற சிறுவர் சித்திரக்கதை இதழ்களை நடத்திய டி.சி. தாம்சன் நிறுவனம், 1964 ஜனவரி 11 அன்று ‘ஜாக்கி’ என்ற வார இதழைத் தொடங்கியது. வழவழப்பான தாளும் ஒப்பனைப் பொருள் விளம்பரங்களும் நிறைந்த அமெரிக்க மாத இதழைப் போலின்றி, இது மலிவான தாளில், ஆறு பென்ஸ் விலையில், சிறுமிகளின் கைச்செலவுக் காசை நம்பி வந்த இதழ். முதல் அட்டையில் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட். உள்ளே காதல் படக்கதைகள், ஒப்பனைக் குறிப்புகள், ராசிபலன், சுவரில் ஒட்டுவதற்குப் பாடகர்களின் பெரிய படங்கள். ஒரே பாடகரின் ஆளுயரப் படத்தைத் துண்டு துண்டாக அடுத்தடுத்த வாரங்களில் கொடுக்கும் உத்தியும் உண்டு. கால்களை மட்டும் ஒட்டிவிட்டுத் தலைக்காகக் காத்திருக்க எந்தச் சிறுமியால் முடியும்? 1976-இல் வாரந்தோறும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

விளம்பரதாரரின் பிடி தளர்வாக இருந்ததால் ‘ஜாக்கி’ துணிச்சலான இதழாக இருந்தது என்று முடிவு கட்டினால் அது தவறு. அதை நடத்தியது கட்டுப்பெட்டித்தனத்துக்குப் பேர்போன ஒரு குடும்ப நிறுவனம். அதன் படக்கதைகளில் பெண்ணுக்கு ஒரே வேலை, காத்திருப்பது. ஒரே ஆபத்து, இன்னொரு பெண். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு மையத்திலிருந்து ஆஞ்சலா மெக்ராபி 1978-இல் இந்த இதழைப் பற்றி எழுதிய ஆய்வு, வெகுசன ஊடகத்தைப் பெண்ணியக் கண்ணோடு படிக்கும் துறைக்கே ஒரு தொடக்கப் புள்ளியாயிற்று. காதல் என்ற ஒற்றை அறைக்குள் சிறுமியை அழைத்துச் சென்று கதவைச் சாத்திவிடுகிறது இந்த இதழ் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்த வாதத்தைப் பின்னாளில் அவரே தளர்த்திக்கொண்டார். வாசகிகள் அச்சிட்டதை அப்படியே விழுங்குபவர்கள் என்று கொண்டது போதாது என்றும், எண்பதுகளின் இதழ்களில் காதல் கதைகள் பின்னுக்குப் போய் இசையும் உடையும் முன்னுக்கு வந்துவிட்டன என்றும் ஒப்புக்கொண்டார். தன் ஆய்வின் புகழ்பெற்ற முடிவைத் தானே திருத்துவது கல்விப்புலத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

‘ஜாக்கி’ இதழில் எனக்கு முக்கியமாகப் படுவது கதைகளைவிட, ‘கேத்தி அண்ட் கிளேர்’ என்ற ஆலோசனைப் பகுதி. அந்தப் பெயரில் இரண்டு பெண்கள் இருந்ததே இல்லை. அலுவலக ஊழியர்கள் மாறி மாறி அந்த இரண்டு அக்காமார்களாகப் பேனா பிடித்தார்கள். வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அச்சில் வந்தவை தோழியோடு சண்டை, பேசாத பையன், கண்டிக்கும் அப்பா என்ற எல்லைக்குள் நின்றாலும், வந்து குவிந்த உறைகளுக்குள் அந்த எல்லை இல்லை. 1974-இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை கருத்தடை மாத்திரைகளை இலவசமாக்கியபோது, மௌனம் இனிச் சரிப்படாது என்று இதழ் உணர்ந்து, உடல் சார்ந்த கேள்விகளுக்கு ‘டியர் டாக்டர்’ என்று தனிப் பகுதி தொடங்கியது. கட்டுப்பெட்டியான நிறுவனத்தைக்கூட இவ்வளவு தூரம் நகர்த்தியது கொள்கை மாற்றமன்று, தபால்தான். வீட்டில் கேட்க முடியாத, பள்ளியில் சொல்லித்தராத ஒன்றை முகம் தெரியாத ஒருவரிடம் எழுதிக் கேட்கலாம் என்ற வசதி, அந்தத் தலைமுறைக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1970-இல் தொடங்கிய ‘டாலி’ இதழின் ‘டாலி டாக்டர்’ பகுதிக்கும் இதே காரணத்தால்தான் தலைமுறை தாண்டிய புகழ்.

அந்த ‘டாலி’ அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது விளம்பரதாரரின் பிடி எத்தகையது என்று தெரியவந்தது. ஆஸ்திரேலிய நிறுவனமான ஃபேர்ஃபாக்ஸ், அதே பாணியில் ‘சாஸ்ஸி’ என்ற மாத இதழை 1988 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து வெளியிட்டது. ஆசிரியர் ஜேன் பிராட்டுக்கு அப்போது வயது இருபத்து நான்கு அல்லது இருபத்து ஐந்துதான். எழுத்தாளர்கள் தங்கள் முதற்பெயரிலேயே எழுதினார்கள். ஒருவர் எழுதியதற்கு நடுவே இன்னொருவர் அடைப்புக்குறிக்குள் புகுந்து கிண்டல் செய்தார். மொத்தத்தில் கட்டுரை என்பது மதிய இடைவேளை அரட்டையின் ஓசையைப் பெற்றது. முதல் இதழிலேயே, உடலுறவுக்கு முன்பு ஒரு பெண் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று நேரடியாக ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்திரேலியாவில் இவை வழக்கமான பக்கங்கள். அமெரிக்காவில் கிறிஸ்தவ மதவாத அமைப்புகள் எழுந்து நின்றன. அவை ஆசிரியருக்கு எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்த இதழில் விளம்பரம் கொடுத்த நிறுவனங்களுக்கு எழுதின, உங்கள் பொருளை இனி வாங்கமாட்டோம் என்று. சில மாதங்களுக்குள் பெரிய விளம்பரதாரர்கள் பலர் விலகினார்கள். வாசகிகள் விலகவில்லை. விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் வாசகியின் காசு அச்சுக்கூலிக்கே பற்றாது. பாலியல் பற்றிய பக்கங்கள் மெலிந்தன.

இந்தப் புயலின் வால் வேறொரு திசையிலும் அடித்தது. ஃபேர்ஃபாக்ஸ் விலக விரும்பியபோது, அங்கே பணியிலிருந்த சாண்ட்ரா யேட்ஸ், ஆன் சம்மர்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியப் பெண்கள் கடன் திரட்டி ‘சாஸ்ஸி’ இதழையும், அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் புகழ்பெற்ற ‘மிஸ்’ இதழையும் சேர்த்து வாங்கியிருந்தார்கள். விளம்பரப் புறக்கணிப்பால் அந்த முயற்சி சாய்ந்து, 1989-இல் இரண்டு இதழ்களும் வேறு கைக்கு மாறின. அடுத்த ஆண்டு ‘மிஸ்’ இனி விளம்பரமே வாங்குவதில்லை என்று அறிவித்து, சந்தாவை மட்டும் நம்பி மறுபடி வந்தது. ‘சாஸ்ஸி’ அந்த வழியில் போகவில்லை. 1994-இல் அது போட்டி இதழ் ஒன்றை நடத்திய நிறுவனத்துக்கே விற்கப்பட்டது; பழைய ஆசிரியர் குழு வெளியேறியது; 1996-இல் பெயரும் மறைந்தது. எட்டே ஆண்டுகள் வந்த ஓர் இதழைப் பற்றி அதன் வாசகிகள் இன்றும் பேசுவதற்குக் காரணம், தங்களை டீனாவாக நினைக்காமல் பேசிய குரலை அங்கே கேட்டோம் என்ற நினைவுதான் என்று தோன்றுகிறது.

பிரிட்டனில் அதே சர்ச்சை வந்தபோது அது விளம்பரதாரரிடம் போகாமல் நாடாளுமன்றத்துக்குப் போனது. ‘ஜாக்கி’ 1993-இல் நின்றுவிட்டிருந்தது. அதன் இடத்தில் ‘ஜஸ்ட் செவன்டீன்’, ‘சுகர்’, ‘மோர்’ என்று வெளிப்படையாகப் பேசும் இதழ்கள் நிறைந்திருந்தன. பீட்டர் லஃப் என்ற உறுப்பினர் 1996-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா, இந்த இதழ்களின் அட்டையில் எந்த வயதுக்கு உரியது என்று அச்சிடக் கோரியது. அது சட்டமாகவில்லை. ஆனால் சட்டம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு நடுவர் குழுவை அமைத்து, சட்டப்படி உடலுறவுக்குரிய வயதைக் கட்டுரைகளில் நினைவூட்ட வேண்டும், பாதுகாப்பை வலியுறுத்த வேண்டும் என்பது போன்ற விதிகளை வகுத்துக்கொண்டார்கள். அடக்கச் சொல்பவர் யாரிடம் முறையிடுகிறார் என்பதை வைத்தே இதழின் உயிர் யார் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

விளம்பரத்தை அறவே விலக்கியவர்களும் உண்டு. மினசோட்டா மாநிலத்தின் துலூத் நகரில் 1993-இல் ஒரு குடும்பம் தொடங்கிய ‘நியூ மூன்’ இதழில் எட்டு முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளே ஆசிரியர் குழு, விளம்பரம் கிடையாது, மெலிந்த உடலுக்கான குறிப்புகளும் கிடையாது. நல்ல இதழ், சிறிய இதழ். ‘அமெரிக்கன் கேர்ள்’ இதழிலும் வெளி விளம்பரம் இருந்ததில்லை, ஆனால் அதை வெளியிட்டது அதே பெயரில் விலையுயர்ந்த பொம்மைகளை விற்கும் நிறுவனம். விளம்பரமில்லாத இதழ் என்பதைவிட, இதழே விளம்பரம் என்பது பொருத்தம். அப்படியிருந்தும், பூப்பெய்துவதைப் பற்றி அந்த இதழுக்குச் சிறுமிகள் எழுதிக் கேட்ட கேள்விகளிலிருந்து உருவாகி 1998-இல் வெளிவந்த உடல்நல நூல், லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளில் தாய் மகள் கையில் கூச்சத்தோடு வைத்துவிட்டுப் போகும் நூலாயிற்று. பொம்மை வியாபாரத்திலிருந்தும் இப்படி ஒன்று வரக்கூடும்.

2000-க்குப் பின் வந்த சரிவை விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. ‘காலிங் ஆல் கேர்ள்ஸ்’ இதழின் வழிவந்த ‘ஒய்.எம்.’ 2004-இல் நின்றது; ‘டீன் பீப்பிள்’ 2006-இல், ‘காஸ்மோகேர்ள்’ 2008-இல். சிறுமிகள் கைப்பேசிக்கு நகர்ந்தார்கள், விளம்பரம் பின்தொடர்ந்தது.

கவனிக்க வேண்டியது, சரிவின் நடுவே நடந்த ஒரு சம்பவம். 2012-இல் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பதினான்கு வயது மாணவி ஒருவர், மாதம் ஒரு படத்தொகுப்பையாவது கணினியில் திருத்தாமல் வெளியிடுங்கள் என்று ‘செவன்டீன்’ இதழுக்கு இணையத்தில் ஒரு மனு எழுதினார். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அப்போதைய ஆசிரியர் ஆன் ஷோகெட் அந்த மாணவியைச் சந்தித்தார். பெண்களின் உடலையோ முகத்தையோ வடிவம் மாற்றிக் காட்டமாட்டோம் என்று ஆகஸ்ட் இதழில் அச்சிட்டு உறுதி கொடுத்தார். தாங்கள் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை என்ற தொனியும் அதில் கலந்திருந்தது. தொழில் என்றால் அதுவும் இருக்கும். இருந்தாலும், குறையைச் சொல்ல ஒரு முகவரி இருந்தது, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆசிரியர் இருந்தார்.

2021-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே கசிந்தபோது, தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை கொண்ட பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை மேலும் மோசமாக்குகிறது என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதிவைத்திருந்தது தெரிந்தது. டீனாவுக்காக ஒருமுறை கணக்கெடுக்க நேர்ந்தவர்கள் இன்று ஒவ்வொரு சிறுமியையும் நொடிக்கு நொடி கணக்கெடுக்கிறார்கள், சராசரி தேவைப்படவில்லை. படத்தைத் திருத்துவது இப்போது ஆசிரியர் குழுவின் ஓவியர் அன்று, அந்தச் சிறுமியேதான், தன் கைப்பேசியில். மனு எழுதினால் அதை யாருக்கு அனுப்புவது?

அச்சு இதழ்களின் கடைசிக் கட்டத்தில் ஒரு சிறு ஒளியாக ‘டீன் வோக்’ தெரிந்தது. 2003-இல் உடை அலங்கார இதழாகத் தொடங்கிய அது, எலெய்ன் வெல்டராத் பொறுப்பேற்ற பின் இனம், அரசியல், பெண்ணுரிமை என்று பேசத் தொடங்கி, 2016 டிசம்பரில் டொனால்ட் டிரம்பைக் கண்டித்த ஒரு கட்டுரையால் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஒப்பனை இதழுக்கு அரசியல் எதற்கு என்று வியந்தவர்கள் 1940-களின் ‘செவன்டீன்’ இதழைப் புரட்டிப் பார்க்காதவர்கள். அந்தப் புகழும் அச்சைக் காப்பாற்றவில்லை. 2017 இறுதியோடு அச்சுப் பதிப்பு நின்றது. இணையத்தில் தொடர்ந்ததும் 2025 நவம்பரில் அதன் தாய் இதழான ‘வோக்’ இணையதளத்துக்குள் கரைக்கப்பட்டது.

‘செவன்டீன்’ தன் வழக்கமான அச்சுப் பதிப்பை நிறுத்தப்போகும் செய்தி வந்தது 2018 நவம்பரில். அதே மாத இறுதியில், டாவி கெவின்சன் என்ற இளம்பெண் தன் பதினைந்தாவது வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் நடத்திய ‘ரூக்கி’ என்ற இணைய இதழும் மூடப்பட்டது. பள்ளி விட்டு வரும் நேரம், இரவு உணவு நேரம், படுக்கப் போகும் நேரம் என்று நாளுக்கு மூன்று முறை புதிய பக்கங்களை ஏற்றிவந்த இதழ் அது; எழுதியவர்களில் பலர் பதின்வயதினர். மூடும்போது கெவின்சன் எழுதிய நீண்ட கடிதத்தில், முதலீட்டாளர்களிடம் போயிருக்கலாம், பெரிய நிறுவனத்துக்கு விற்றிருக்கலாம், வாசகிகளிடம் சந்தா கேட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு வழியையும் எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் அந்த இதழை எதுவாக மாற்றியிருக்கும் என்று விளக்கி, ஒன்றுக்கும் தமக்கு மனமில்லை என்று முடித்திருந்தார். பதினைந்து வயதில் அவர் அந்த இதழைத் தொடங்கியபோது ஆரம்பத்தில் கைகொடுத்தவர்களில் ஒருவர் ‘சாஸ்ஸி’ ஜேன் பிராட்.